தெற்குச் சுவர்

காணி வழக்கில் உறுதி இல்லாமல் தோற்றவர்களைவிட, உறுதியைக் கையில் வைத்துக்கொண்டு காணியைக் காட்ட முடியாமல் தோற்றவர்கள் அதிகம். திருகோணமலையில் தொழில் செய்யும் எந்தச் சட்டத்தரணியைக் கேட்டாலும் இதைத்தான் சொல்வார். போர் முடிந்து ஊர் திரும்பியவர்கள் கொண்டுவரும் பழைய உறுதிகளில் எல்லையென்று எழுதப்பட்டிருக்கும் வேலியும் வண்டில் பாதையும் புளியமரமும் பெரும்பாலும் இன்று இல்லை. வேலி எரிந்திருக்கும், பாதை முகாமுக்குள் போயிருக்கும், மரத்தைக் காவலரண் போடத் தறித்திருப்பார்கள். நான் நடத்திய இப்படியான வழக்குகளில் என்னை அதிகம் அலைக்கழித்த ஒன்றில் எல்லையாக இருந்தது, இரண்டாம் உலகப் போரில் வெள்ளைக்காரன் கட்டிய ஒரு பங்கர்.

வழக்காளி எழுபதைத் தாண்டிய ஒரு தாய், விதவை. நகருக்கு வடக்கே கடலோரக் கிராமம் ஒன்றைச் சேர்ந்தவர். 1990 ஜூனில் சண்டை மறுபடி தொடங்கியபோது பிள்ளைகளோடு வெளியேறி, படகில் இராமேஸ்வரம் போய், மண்டபம் முகாமிலும் பிறகு வேறு முகாம்களிலும் கால் நூற்றாண்டு இருந்துவிட்டு வந்தவர். வந்து பார்த்தால் காணியில் பெரும்பகுதி ஒரு ஹோட்டல்காரரின் முட்கம்பி வேலிக்குள் கிடந்தது. மூல உறுதி ஓட்டத்தில் தொலைந்துவிட்டது. காணிப் பதிவகத்தில் எடுத்த அத்தாட்சிப் பிரதிதான் அவரிடம் இருந்த ஒரே கடதாசி. அவருடைய தகப்பனார் 1952இல் வாங்கிய உறுதி அது. கிழக்கெல்லை கடல், மேற்கு வண்டில் பாதை, தெற்கு இன்னொருவர் காணி. வடக்கெல்லைக்கு நொத்தாரிசு எழுதியிருந்தது: யுத்த காலத்தில் துரைத்தனத்தார் கட்டிய சீமெந்து அறையின் தெற்குச் சுவரும், அச்சுவரின் நேரே மேற்கே பாதை வரை செல்லும் கோடும். விஸ்தீரணம் 2 ஏக்கர் 20 பேர்ச்.

எந்த அறை என்று மட்டும் எழுதி விட்டுவிடாமல் எந்தச் சுவர் என்றும் எழுதி வைத்த அந்த நொத்தாரிசை நான் அறியேன். ஆனால் அவருக்கு ஒரு கும்பிடு போடத் தோன்றியது. இப்போதெல்லாம் கணினியில் பழைய உறுதியைப் பிரதிபண்ணிப் பெயரை மட்டும் மாற்றும் வேலையைப் பார்க்கும்போது இன்னும் கூடுதலாகத் தோன்றுகிறது.

ஹோட்டல்காரர் 2011இல் இரண்டு துண்டுகளை வாங்கியிருந்தார். வடக்கே உள்ள துண்டுக்கு ஒழுங்கான மூல உறுதி உண்டு. எங்கள் காணியை விழுங்கிய மற்றத் துண்டுக்கோ இருந்தது வெறும் உரிமை வெளிப்படுத்தல் உறுதி. 1991 தொடக்கம் நான்தான் ஆண்டு அனுபவித்து வருகிறேன் என்று ஒருவர் 2008இல் நொத்தாரிசு முன்னிலையில் தானே சொல்லித் தானே எழுதி வாங்கிய கடதாசி. போர்க்காலத்தில் வடக்கு கிழக்கில் இப்படிப் பிறந்த உறுதிகள் ஏராளம்.

சட்டம் தெரியாதவர்கள், அப்படியானால் வழக்கு சுலபம்தானே என்பார்கள். உரித்து மீட்பு வழக்கில் முழுச் சுமையும் வழக்காளியின் தலையில். எதிராளி வாய் திறக்காமல் இருந்தாலும் வழக்காளி தன் உரித்தை நிரூபித்தே ஆக வேண்டும் என்று 1962இல் வனிகரத்ன எதிர் ஜுவானிஸ் அப்புஹாமி வழக்கில் உயர் நீதிமன்றம் சொன்னதை, எதிராளிக்காக நிற்கும் ஒவ்வொரு சட்டத்தரணியும் முதல் நாளே எடுத்து வீசுவார். உரித்தோடு காணியின் அடையாளத்தையும் காட்ட வேண்டும். குடியியல் நடவடிக்கைமுறைக் கோவையின் 41ஆம் பிரிவு, கேட்கும் காணியை எல்லை விவரத்தாலோ வரைபடத்தாலோ முறைப்பாட்டில் விவரிக்கச் சொல்கிறது. எங்கள் முறைப்பாட்டில் சீமெந்து அறையின் தெற்குச் சுவர் என்று எழுதினோம். நீதிமன்றம் ஆணை கொடுத்து அனுப்பிய நில அளவையாளர் போய்ப் பார்த்தார். மணல் மேடு, அடம்பன் கொடி, தாழம்புதர். அறை ஏதும் தரையில் காணப்படவில்லை என்று ஒரு வரியில் அறிக்கை தந்தார்.

"அது அதிலதான் இருந்தது தம்பி" என்றார் அம்மா. "அதின்ர மேல் தட்டில ஏறித்தான் நாங்கள் கருவாடு காயவைக்கிறனாங்கள். நாய் ஏறாது."

நாய் ஏறாத உயரத்தில் சீமெந்துத் தட்டு இருந்தது என்பதை நான் நம்பினேன். நீதிமன்றத்துக்கு அது போதாது. நில அளவைத் திணைக்களத்தின் 1956ஆம் ஆண்டு விமானப் படங்கள் இருக்கின்றன, கொழும்புத் திட்டத்தின் கீழ் கனேடிய நிறுவனம் ஒன்று எடுத்தவை. மிகுந்த நம்பிக்கையோடு பிரதி எடுத்தேன். படத்தின் அளவுத்திட்டம் 1:40,000. பதினான்கு அடிக் கட்டடம் அந்தப் படத்தில் ஒரு மில்லிமீற்றரில் பத்தில் ஒரு பங்கு. பூதக்கண்ணாடியால் பார்த்தால் கரை முழுவதும் புள்ளிகள். அவற்றில் பங்கர் எது, பனை எது என்று எந்தச் சாட்சியையும் நான் சொல்ல வைக்க முடியாது.

கை கொடுத்தது பதிவகம்தான். ஹோட்டல்காரருடைய வடக்குத் துண்டின் மூல உறுதியைத் தேடிப் பின்னோக்கிப் போனால், ஐம்பதுகளில் எழுதிய ஓர் உறுதியில் அந்தக் காணிக்குத் தெற்கெல்லை, அதே சீமெந்து அறையின் வடக்குச் சுவர்! பிந்திய உறுதிகளில் அந்த வாசகம் மறைந்து, பக்கத்துக் காணிக்காரரின் பெயர் வந்துவிட்டது. இப்படி ஓர் அறை இருந்ததே இல்லை என்று மறுமொழியில் எழுதியிருந்த எதிராளியின் சொந்த மூல உறுதியே அறை இருந்தது என்று சொல்லிற்று. முப்பது ஆண்டுக்கு மேற்பட்ட ஆவணம் என்பதால் சாட்சியக் கட்டளைச் சட்டத்தின் 90ஆம் பிரிவின்படி அதை நிரூபிக்க யாரையும் கூண்டில் ஏற்றவும் தேவையில்லை. இருந்தது என்பது தீர்ந்தது. எங்கே இருந்தது என்பது தீரவில்லை.

ஏன் கட்டினார்கள் என்பதையும் நீதிபதிக்குச் சொல்ல வேண்டியிருந்தது. 1942 பெப்ரவரி 15 சிங்கப்பூர் விழுந்தது. அடுத்தது இலங்கை என்று கொழும்பிலும் லண்டனிலும் எல்லோரும் எதிர்பார்த்தார்கள். ஏப்ரல் 5, ஈஸ்டர் ஞாயிறன்று யப்பானியக் கடற்படைத் தளபதி நகுமோவின் விமானந்தாங்கிக் கப்பல்களிலிருந்து வந்த விமானங்கள் கொழும்பைத் தாக்கின. 9ஆம் திகதி திருகோணமலை. துறைமுகமும் சீனன்குடா விமானத்தளமும் அடி வாங்கின. அதே நாள் மட்டக்களப்புக் கடலில் ஹேர்மிஸ் என்ற பிரித்தானிய விமானந்தாங்கிக் கப்பல் 307 பேரோடு மூழ்கியது. கப்பல்கள் வந்தால் படையும் வரும், படை வந்தால் இந்த மணலில்தான் இறங்கும் என்ற கணக்கில் எழுந்தவைதான் கடற்கரை அரண்கள். யப்பான்காரன் இறங்கவில்லை. சீமெந்து மிஞ்சியது.

வழக்கு நடந்துகொண்டிருக்கையில் ஒரு மாரியில் வாடைக்காற்று கடுமையாக அடித்தது. கடல் கரையை அறுத்து இழுத்தது. மேடு பாதியாகி, ஒரு சீமெந்து மூலை வெளியே எட்டிப்பார்த்தது. அதை முதலில் கண்டவர்கள் புதையல்காரர்கள். எங்கள் பகுதியில் மண்ணுக்குள் எது தெரிந்தாலும் அது புலிகள் இயக்கத்தின் தங்கம் என்றொரு எண்ணம் இன்னும் போகவில்லை. இரவில் மண்வெட்டியோடு போன இரண்டு பொடியன்களைப் பொலிஸ் பிடித்து நீதவான் முன் நிறுத்தியது. ஆக, அந்தப் பங்கர் முதலில் ஏறிய நீதிமன்றம் நீதவான் நீதிமன்றம்தான். பிறகு வெடிபொருள் இருக்கிறதா என்று பார்க்க ஆட்கள் வந்தார்கள். ஒன்றுமில்லை, மணல்தான் என்று போய்விட்டார்கள்.

மூன்றாவதாக வந்தது ஒரு பெக்கோ. பின்னேரம் நாலு மணிக்கு அம்மாவின் மகன் தொலைபேசியில் சத்தம் போட்டார்: "அண்ணை, இடிக்கப் போறாங்கள்." கரையோரப் பாதுகாப்புச் சட்டத்தின்படி உயர் நீர்மட்டத்திலிருந்து 300 மீற்றருக்குள் அனுமதிப் பத்திரம் இல்லாமல் கட்டவோ மாற்றவோ முடியாது என்பதைப் பெக்கோக்காரனுக்கு விளக்கச் சொன்னேன். அவன் விளங்கிக்கொண்டானோ இல்லையோ, பெரிய கூட்டத்தைக் கண்டு இயந்திரத்தை நிறுத்திவிட்டான். மறுநாள் காலை தடையுத்தரவு எடுத்தோம்.

இது தொல்பொருள் ஆகாதா என்று பலர் கேட்டார்கள். தொல்பொருட்கள் கட்டளைச் சட்டத்தின் வரைவிலக்கணத்தில் நிற்பது 1815 மார்ச் 2, கண்டி ஒப்பந்தம் கைச்சாத்தான நாள். அதற்கு முந்தியதுதான் தொல்பொருள். ஆங்கிலேயர் முழு இலங்கைக்கும் எசமானான நாளை வைத்தே அவர்கள் கட்டியவற்றைக் கணக்கிலிருந்து கழித்துவிட்டது அந்தச் சட்டம். டென்மார்க்கின் மேற்குக் கரையில் ஹூவிக் என்ற இடத்தில் 2008இல் ஒரு புயல் ஜெர்மன்காரரின் பங்கர்களை மணலுக்குள்ளிருந்து வெளியே எடுத்தபோது, 1945இல் விட்டுப்போன சாமான்கள் அப்படியே உள்ளே கிடந்தன, அருங்காட்சியகத்தார் ஓடி வந்தார்கள். நோர்மண்டியில் மெய்சி என்ற ஊரில் பழைய வரைபடத்தை வைத்துத் தேடிய ஒரு சேகரிப்பாளர், புதையுண்ட பீரங்கித் தளம் முழுவதையும் தோண்டியெடுத்துப் பார்வையாளருக்குத் திறந்துவிட்டார். எங்கள் பங்கருக்கு ஓடி வந்தவர்கள் யார் யார் என்று மேலே சொல்லிவிட்டேன்.

தடையுத்தரவோடு, அறையைச் சுற்றித் தோண்டி அளக்கும்படி நில அளவையாளருக்கு இரண்டாவது ஆணையும் கேட்டுப் பெற்றேன். மணல் அள்ளி முடிந்த அன்று நானும் உள்ளே குனிந்து போனேன். வெளிப்புறம் 14 அடிக்கு 14 அடி, உயரம் 8 அடி. கரை மணலையே போட்டுக் குழைத்த கொங்கிறீற்று. உடைந்த விளிம்பில் சிப்பித் துண்டுகளும் ஒரு முழுச் சங்கும் பதிந்திருந்தன. சுவரில் பலகை அடித்த தடம், கூரையின் அடிப்புறத்தில் நெளிதகரத்தின் அலை அப்படியே அச்சாகி இருந்தது. ஒரு மூலையில் கூரை கறுத்திருந்தது, விளக்குப் புகையோ அடுப்புப் புகையோ. அதை நான் வாதத்தில் தொடவேயில்லை. புகைக்குத் தேதி கிடையாது. புதையல்காரன் கொளுத்தியது என்பார்கள்.

அறை வெளியே வந்ததும் எதிர்த்தரப்பு கட்சி மாறியது. அறை இல்லை என்றவர்கள், அறை இருக்கிறது ஆனால் இடம் மாறிவிட்டது என்றார்கள். 2004 டிசம்பர் 26 ஆழிப்பேரலை தென்கிழக்கிலிருந்து வந்து அதைத் தூக்கி வடக்கே தள்ளிவிட்டதாம், உண்மையில் அது இருநூறு அடி தெற்கே இருந்ததாம். சிரிக்கலாம் போலத்தான் இருந்தது. எதிர்த்தரப்புச் சட்டத்தரணி சிரிக்க விடவில்லை, கெட்டிக்காரர். பெரலியவில் ரயிலையே தூக்கி எறிந்த அலைக்கு ஒரு சீமெந்துப் பெட்டி எம்மாத்திரம் என்று கேட்டார். எங்கள் பொறியியலாளர், இதன் நிறை ஏறக்குறைய 60 தொன் வரும் என்றார். பல தொன் பாறைகளை ஆழிப்பேரலை நகர்த்திய உதாரணங்கள் உலகில் உண்டா? உண்டு என்று அவர் ஒத்துக்கொள்ளத்தான் வேண்டியிருந்தது. அடுத்ததாகச் சட்டத்தரணி வைத்ததுதான் உண்மையான பொறி. இந்த அறையின் பெரிய சுடும் துவாரம் எந்தத் திசையில்? வடக்கே, கரை நீளத்துக்கு. கடற்பக்கம் துவாரம் உண்டா? இல்லை. "கடலால் வரும் எதிரியைச் சுடக் கட்டியவன் கடலுக்கு முதுகைக் காட்டிக்கொண்டா கட்டுவான்?" பெட்டி கால்வட்டம் திரும்பியிருக்கிறது, திரும்பியதென்றால் நகர்ந்தும் இருக்கிறது. நீதிபதி பேனையை எடுத்து எழுதினார். அவர் எழுதும் வேகத்தைப் பார்த்தே அந்த வாதம் ஏறிவிட்டது தெரிந்தது.

இதற்குப் பதில் எனக்குத் தெரிந்திருக்கவில்லை. ஓய்வுபெற்ற இராணுவப் பொறியியல் அதிகாரி ஒருவரைத் தேடிப் போனேன். சிங்களவர், பண்பான மனிதர். படத்தைப் பார்த்ததுமே இது சரியாகத்தானே இருக்கிறது என்றார். கடற்கரை அரண்கள் பலவற்றை நேரே கடலைப் பார்த்துக் கட்டமாட்டார்கள். கப்பல் பீரங்கி நேரே கடலிலிருந்துதான் அடிக்கும், அந்தப் பக்கத்தில் துவாரம் வைத்தால் முதல் அடியிலேயே முடிந்துவிடும். ஆகவே கடற்பக்கம் கண்ணில்லாத தடித்த சுவர். துவாரம் கரை நீளத்துக்கு. இறங்கி வரும் படை நீரோரமாகப் பரவும்போது பக்கவாட்டில் சுட்டால் ஒரு துப்பாக்கி முழு வரிசையையும் வழித்துவிடும். பிரித்தானியர் அந்தக் காலத்தில் சன்னம் தாங்க 12, 15 அங்குலம், ஷெல் தாங்க மூன்றரை அடி என்று சுவர்த் தடிப்புக்குக் கணக்கு வைத்திருந்தார்கள்.

நில அளவையாளரின் படத்தைத் திருப்பிப் பார்த்தேன். கிழக்குச் சுவர் மூன்றரை அடி. மற்ற மூன்றும் 15 அங்குலம்.

அந்த அதிகாரியைக் கூண்டில் ஏற்றினேன். எதிர்த்தரப்பின் கணக்குப்படி பெட்டியைப் பழைய நிலைக்குத் திருப்புங்கள், அப்போது பெரிய துவாரம் கிழக்கே கடலைப் பார்க்கும், சரி, மூன்றரை அடிச் சுவர் எந்தப் பக்கம் போகும் என்று கேட்டேன். தெற்கே, என்றார். தெற்கே என்ன இருந்தது? கிராமம். யப்பானுக்குப் பயந்து கட்டிய அரணில் மீன்பிடிக் கிராமத்தைப் பார்த்து மூன்றரை அடிச் சுவர் வைப்பார்களா? அவர் பதில் சொல்லுமுன் எதிர்த்தரப்பு ஆட்சேபித்தது. நீதிபதி ஆட்சேபத்தை ஏற்றார். கேள்வி போக வேண்டிய இடத்துக்குப் போய்விட்டது.

ஆனாலும் திரும்பவில்லை என்பது நகரவில்லை என்பதை முழுவதும் நிரூபிக்காது. அதை முடித்துவைத்தது வாசலுக்கு முன்னால் நின்ற ஒரு சின்ன மறைப்புச் சுவர். மேற்குப் பக்க வாசலுக்கு நேரே, குண்டுச் சிதறல் உள்ளே பாயாமல் இருக்கத் தனியாகக் கட்டுவது. இரண்டுக்கும் அத்திவாரம் வேறு வேறு என்று தோண்டியபோது தெரிந்தது. நீதிபதி தளத்தைப் பார்க்க வந்தார். சப்பாத்தைக் கழற்றிவிட்டு, நாடாவின் மறுமுனையைத் தானே பிடித்தார். அடியில் இடைவெளி 2 அடி 6 அங்குலம், ஒரு முனையில் இருந்து மறுமுனை வரை ஒரே அளவு. மேலே 3 அடி 1 அங்குலம். கடல் அடிமணலை அரித்ததால் பெட்டி கிழக்கே கொஞ்சம் சாய்ந்திருக்கிறது, மறைப்புச் சுவர் நிமிர்ந்தே நிற்கிறது. அலை பெட்டியைத் தூக்கி இருநூறு அடி கொண்டுபோயிருந்தால், அதோடு ஒட்டாத சுவரும் பிரியாமல் கூடவே போய், அடியில் ஓர் அங்குலம் பிசகாமல் பக்கத்தில் நின்றிருக்க வேண்டும். எதிர்த்தரப்புச் சட்டத்தரணி அன்று ஹோட்டல்காரரைத் தள்ளிக் கூட்டிக்கொண்டு போய் நெடுநேரம் கதைத்துக்கொண்டிருந்தார்.

ஆட்சியுரிமை வாதம் மிச்சமிருந்தது. பத்து ஆண்டு எதிரிடையாக ஆண்டால் உரித்து என்பது 1871ஆம் ஆண்டுக் கட்டளைச் சட்டம். போரால் வழக்காட முடியாது போனவர்களுக்காக 2016இல் வந்த 5ஆம் இலக்கச் சட்டம், 1983 மே 1 முதல் 2009 மே 18 வரையான காலத்தைக் கணக்கில் எடுக்காதே என்கிறது. ஆனால் அதன் வாசகம் தீவிரவாதக் குழுவின் செயல்களால் தடைப்பட்டவர் என்றுதான் பேசுகிறது. மற்றத் தரப்பால் ஓடியவனுக்கு என்ன வழி என்று சட்டம் இயற்றியவர்கள் யோசித்ததாகத் தெரியவில்லை. எதிர்த்தரப்பு அந்த இடைவெளியில் கத்தியை வைத்தது.

"அம்மா, நீங்கள் ஊரைவிட்டுப் போனது எதற்குப் பயந்து?"

"ஷெல்லுக்கு."

"யார் அடித்த ஷெல்?"

"அதில பேர் எழுதியிருக்கேல்லை ஐயா. பிள்ளையளைத் தூக்கிக்கொண்டு அந்தச் சீமெந்து அறைக்குள்ள பூந்திட்டம். ரெண்டு நாள் கழிச்சுத்தான் வெளியில வந்தனாங்கள். பிறகு படகுதான்."

யப்பானுக்குக் கட்டிய அரணுக்குள் அவர் ஒளிந்திருந்ததை எனக்கு அதுவரை சொல்லவில்லை. ஏன் சொல்லவில்லை என்று பிறகு கேட்டேன். நீங்கள் கேக்கேல்லையே என்றார். அந்தப் பதிலால் எதிர்த்தரப்புக்கு வேறொரு நட்டமும் வந்தது: 1990இல் அறை உள்ளே போகக்கூடிய நிலையில் அதே வளவோரம் இருந்தது என்பது குறுக்கு விசாரணையில், அவர்கள் கேட்டே பதிவானது.

தீர்ப்பு எங்களுக்கு. காணியின் அடையாளம் நிரூபிக்கப்பட்டது. அளந்தபோது வந்தது 1 ஏக்கர் 3 றூட் 30 பேர்ச், உறுதியில் உள்ளதைவிடக் குறைவு. எல்லை தெளிவாக இருக்கையில் விஸ்தீரணப் பிழை பெரிதல்ல என்பது பழைய கொள்கை. கடல் தின்றதை யார் தலையிலும் போடவில்லை நீதிபதி. வெளிப்படுத்தல் உறுதிக்காரர் ஒரு நாளும் சாட்சிக்கு வராததால் பத்தாண்டு ஆட்சியே நிரூபிக்கப்படவில்லை, ஆகவே 2016ஆம் ஆண்டுச் சட்டத்தின் வாசகத்துக்குள் போகத் தேவையில்லை என்று ஒரு பந்தியில் தாண்டிப் போனார். எனக்கு அதில் ஒரு குறை உண்டு. அந்தக் கேள்விக்குப் பதில் தேவைப்படும் வேறு ஆட்கள் என் அலுவலக வாங்கில் அப்போதும் இருந்தார்கள். ஹோட்டல்காரர் மேன்முறையீடு செய்து, பிறகு செலவுத்தொகையை நாங்கள் விட்டுக்கொடுத்ததால் கைவாங்கி, வேலியை வடக்கே நகர்த்தினார்.

பிறகொரு நாள் ஒரு திணைக்களத்திலிருந்து அம்மாவுக்குக் கடிதம். அவருடைய காணியில் ஆபத்தான நிலையில் சாய்ந்து நிற்கும் கொங்கிறீற்றுக் கட்டடத்துக்குப் பாதுகாப்பு வேலி போட்டு அறிவிக்கும்படி. எங்கள் எல்லை அறையின் தெற்குச் சுவரோடு முடிகிறது, அதற்கப்பால் உள்ளது எங்களுடையதல்ல என்று தீர்ப்பாணையின் பிரதியோடு பதில் எழுதினேன். அதே கடிதம் ஹோட்டல்காரருக்கும் போயிருக்கிறது. தன் கட்சிக்காரரின் மூல உறுதியில் எல்லை வடக்குச் சுவரோடு முடிகிறது என்று அவருடைய சட்டத்தரணி பதில் எழுதினாராம். நடுவில் உள்ள 14 அடி யாருடையது என்று மூன்றாவது கடிதம் இன்னும் வரவில்லை.